நிழலில் வைத்த வெப்பமானி

நகராட்சித் தலைவருக்குப் புவி வெப்பமாதல் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. மைக்குக்கு முன்னால் ஒன்று, மைக் இல்லாதபோது இன்னொன்று. மைக்கைப் பிடித்தால், “நம் பேரப்பிள்ளைகளுக்கு எந்த பூமியை விட்டுச் செல்லப் போகிறோம்?” என்று குரல் தழுதழுக்கும். மைக்கைக் கீழே வைத்த கையோடு, “வெயில்னா அடிக்கத்தான் செய்யும். எங்கப்பா காலத்துல அடிக்காத வெயிலா? உடம்பு வணங்காதவன் கட்டிவிட்ட கதை இதெல்லாம்” என்பார். ஒரே வாயால் இரண்டையும் எப்படிச் சொல்கிறார் என்று அளவுக்காரிக்கு முதல் வருடம் ஆச்சரியமாக இருந்தது. பிறகு ஆச்சரியம் போய் அருவருப்பு வந்தது. அது இன்றுவரை போகவில்லை.

அளவுக்காரி என்பது அலுவலகத்தில் அவளுக்கு விழுந்த பெயர். வெள்ளையடித்த ஒரு மரப்பெட்டிக்குள் வெப்பமானி தொங்கும். மணிக்கு ஒரு தரம் அதைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நாற்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் சங்குப் பொத்தானை அழுத்த வேண்டும். சங்கு ஊதினால் ஊரில் சாலை வேலை, சாக்கடை வேலை என்று வெட்டவெளி வேலை எல்லாம் நிற்கும். மறுபடி நாற்பத்திரண்டுக்குக் கீழே இறங்கும்வரை எவனும் யாரையும் மண்வெட்டியைத் தொடச் சொல்லக் கூடாது. ஒரே கோடையில் மூன்று தொழிலாளிகள் செத்த பிறகு வந்த விதி இது. அன்றைக்கும் தலைவர் மைக்கில் அழுதார்.

முதல் கோடையில் பத்தொன்பது நாள் சங்கு ஊதியது. ஒப்பந்தக்காரர்கள் தலைவரின் அறைக்குப் படையெடுத்தார்கள். அடுத்த மாதமே பொறியாளர் ஒரு கோப்பு எழுதினார். பெட்டி வெட்டவெளியில் கிடந்து வெயிலில் கெடுகிறதாம், அதன் பாதுகாப்பு கருதி வடக்கு வராந்தாவுக்கு மாற்ற வேண்டுமாம். சூடு பார்க்க வைத்த கருவிக்கு வெயில் ஆகாதாம்! தொழிலாளியின் உடம்பின் மேல் வராத கரிசனம் மரப்பெட்டியின் மேல் வந்தது. வராந்தா நிழலில் வெப்பமானி முப்பத்தொன்பதைத் தாண்டவில்லை. “எங்கள் நடவடிக்கைகளால் நகரத்தின் வெப்பம் நான்கு டிகிரி குறைந்திருக்கிறது” என்று தலைவர் அறிவித்தார். எங்கேயோ கூப்பிட்டு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டிய புகைப்படம் வராந்தாவிலேயே, பெட்டிக்கு மேலேயே மாட்டியிருக்கிறது.

அளவுக்காரியின் தங்கை சாலைப் பணியாளர். போன கோடையில் ஜல்லி கொட்டும்போது சுருண்டு விழுந்தாள். ஆறு நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, இன்னொரு தரம் இப்படி விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம், இனி வெயிலில் வேலை செய்யாதே என்றார் டாக்டர். “நிழல்ல எந்த ரோடு போடறாங்க டாக்டர்?” என்று கேட்டுவிட்டு அடுத்த வாரமே வேலைக்குப் போய்விட்டாள். அவள் விழுந்த அன்று நோட்டில் அக்கா கையால் எழுதிய எண் முப்பத்தெட்டு. அதை நினைத்தால் இப்போதும் அளவுக்காரிக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கும்.

இன்று அமைச்சர் வருகிறார். எதிர் மைதானத்தில் ஐந்நூறு மரக்கன்று நடும் விழா. போன வருடம் நட்ட ஐந்நூறும் குச்சியாக நிற்க, அதைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் குழி தோண்டினார்கள். பத்து மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டாகியும் வரவில்லை. குழி மட்டும் நிற்காமல் தோண்டப்பட்டது.

குழி தோண்டும் வேலைக்கு வந்திருந்த தங்கை குடத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகக் குழாய்க்கு வந்தாள். உதடு வெடித்திருந்தது. வியர்வை நின்றுபோயிருந்தது. அதுதான் அளவுக்காரியைக் கலக்கியது. போன தடவையும் விழுவதற்கு முன்னால் அப்படித்தான் நின்றது என்று தங்கையே சொல்லியிருக்கிறாள்.

“போதும்டி. இங்கேயே உட்காரு.”

“மேஸ்திரி விடமாட்டாருக்கா. சங்கு ஊதினாத்தான் உட்காரலாம். நீ ஊதேன்?”

“பெட்டியில சூடு ஏறணுமே.”

“அது எங்க ஏறும்? அதுதான் நிழல்ல சொகுசா இருக்கே” என்று சிரித்துவிட்டுத் தங்கை குடத்தோடு போனாள். நடை தள்ளாடியது.

எண் இல்லாமல் சங்கை ஊதினால் வேலை போகும். போகட்டும் என்றுதான் அளவுக்காரி வராந்தாவுக்கு நடந்தாள். பெட்டியைத் திறந்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். நாற்பத்து நான்கு.

பிடரியில் அனல் அடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். கூட்ட அரங்குக்குப் புதிதாக வாங்கிய நான்கு ஏசிகளின் வெளிப்பெட்டிகள் சுவரில் வரிசையாக நின்று, சுடுகாற்றை நேராக வெப்பமானியின் மேல் ஊதிக்கொண்டிருந்தன. முகப்பில் மாட்டினால் அமைச்சர் புகைப்படத்தில் அசிங்கமாக விழும் என்று நேற்றுத்தான் வடக்குச் சுவருக்கு மாற்றியிருந்தார்கள். அமைச்சர் வருவதற்குள் அரங்கு குளிர வேண்டுமென்று சற்று முன்னால்தான் ஓடவிட்டிருந்தார்கள். வெப்பமானியை இங்கே வைக்கச் சொன்ன கோப்பிலும் ஏசியை இங்கே மாட்டச் சொன்ன கோப்பிலும் ஒரே பொறியாளரின் கையெழுத்து. இரண்டையும் அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் அதிசயம்.

இது வெயிலின் சூடு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மைதானத்தில் இதைவிடக் குறைவு என்று எவனாவது செருப்பில்லாமல் நின்று சொல்லட்டும். நோட்டில் நாற்பத்து நான்கு என்று எழுதி, நேரம் போட்டு, பொத்தானை அழுத்தினாள்.

சங்கு அலறியது. மைதானத்தில் மண்வெட்டிகள் விழுந்தன. சரியாக அப்போதுதான் அமைச்சரின் கார் உள்ளே நுழைந்தது.

தலைவர் வேர்த்து விறுவிறுத்து வராந்தாவுக்கு ஓடி வந்தார். பின்னால் பொறியாளர். அவர்களுக்குப் பின்னால் கேமராவோடு இரண்டு நிருபர்கள்.

“யாரும்மா ஊதச் சொன்னது? குழி பாதிதான் தோண்டியிருக்கு! அமைச்சர் என்ன நினைப்பார்?”

“நாற்பத்து நாலுங்கய்யா. விதிப்படி ஊதினேன்.”

தலைவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். “இது ஏசி காத்தும்மா! வெயிலே இல்ல இது!”

“அப்படியாங்கய்யா? அப்போ பெட்டி தப்பான இடத்துல இருக்கு போல. பழைய இடத்துக்கே தூக்கிட்டுப் போயிடலாம். மைதானத்து நடுவுல வெச்சுப் பார்ப்போம், நிருபர் சாருங்களும் படம் எடுத்துக்கட்டும்.”

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. பொறியாளர் திருதிருவென விழித்தார். ஒரு நிருபர், “பழைய இடம்னா எது சார்?” என்று கேட்டார்.

ஆனாலும் தலைவர் சாமானியமா? கார் கதவைத் திறந்து அரை நிமிடம்கூட வெயில் தாங்காமல் தவித்த அமைச்சரை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போனார். விழாவுக்கு வந்திருந்த நகராட்சி உறுப்பினர்கள் எல்லாரும் உள்ளே ஓடினார்கள். அவசரக் கூட்டம். வெப்பத்தைக் குறைக்க ஒரே வழி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாற்பத்திரண்டு என்பதை நாற்பத்தைந்து என்று திருத்தும் தீர்மானம். உடனே அமலுக்கு வருகிறது.

கால் மணி நேரத்தில் பொறியாளர் காகிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். “இனி நாற்பத்தைஞ்சு. ஏகமனதா நிறைவேறிடுச்சு. குழி தோண்டச் சொல்லு.”

“பார்த்துட்டுச் சொல்றேன் சார்” என்று அளவுக்காரி பெட்டியைத் திறந்தாள். உள்ளே அமைச்சருக்கு வேர்க்கிறதென்று நான்கு ஏசிகளையும் பதினாறில் வைத்திருந்தார்கள். சுவரில் நான்கும் உயிர் போகிற வேகத்தில் உறுமின. “நாற்பத்தாறு சார். நீங்களே பாருங்க.”

பொறியாளர் பார்த்தார். கதவைத் திறந்து குளிருக்குள் போய்விட்டார். ஏசியை நிறுத்தச் சொல்லி அமைச்சரிடம் வாயைத் திறக்க அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

அவள் இரண்டாம் முறை சங்கை ஊதிவிட்டு, தண்ணீரோடு மைதானத்து ஓரக் குடிநீர்த் தொட்டியின் நிழலுக்குப் போனாள். தங்கை சுவரில் சாய்ந்திருந்தாள். தண்ணீரைத் தலையில் ஊற்றி, மிச்சத்தைக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தங்கையின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அதைப் பார்த்ததும் அளவுக்காரிக்கு அழுகை வந்துவிட்டது.

அரங்கிலிருந்து ஒலிபெருக்கி வழியாகத் தலைவரின் குரல் தழுதழுத்தது. “நம் பேரப்பிள்ளைகளுக்கு எந்த பூமியை…”

“இன்னும் எவ்வளவு நேரம்க்கா பேசுவாங்க?”

“எதைப் பத்தி? வெப்பத்தைப் பத்தியா? சாயங்காலம் வரைக்கும் பேசுவாங்க.”

“பேசட்டும்” என்று தங்கை அக்காவின் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.