வலப்பக்க இருக்கை

தரையில் கட்டிவைத்து ஓட்டும்போது அந்த எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அருமைராசாவுக்கு விசர் பிடித்தது அதனால்தான். திக்குகிற எஞ்சினைத் திருத்தலாம். திக்காத எஞ்சினில் எதைத் திருத்துவது?

அது திக்கியது ஜூனில், ஆகாயத்தில். அன்றைக்குத்தான் முதல் முறையாக வலப்பக்க இருக்கையில் மரியதாசன் இருந்தார். இரண்டு பேருமாக ஏழு வருடம் மினக்கெட்டுக் கட்டிய விமானம். அருமைராசா தாசண்ணை என்று கூப்பிடும் மரியதாசன், கார்களுக்கு நெளிவெடுக்கும் கராஜில் வேலை செய்பவர். தகடு, ரிவெட், பெயின்ற் எல்லாம் அவர் பொறுப்பு. எஞ்சினும் வயர்களும் அருமைராசா பொறுப்பு. எஞ்சினை ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து கழற்றினார்கள். அதில் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவப் பெட்டிக்குள் முக்கோணமாய் ஓர் இரும்புக் கட்டி சுற்றும். பாகம் குறைவு, தொல்லையும் குறைவு என்று அருமைராசா சொல்லித்தான் அதை எடுத்தார்கள்.

ஒட்டாவா ஆற்றுக்கு மேலே, திரும்பி வரும்போது முதல் குலுக்கல் வந்தது. பிறகு இன்னொன்று. ஓடுபாதையை நெருங்க நெருங்க எஞ்சின் மூச்சு வாங்குகிறவன் மாதிரி விட்டுவிட்டுத் திக்கியது. எப்படியோ இறங்கிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மரியதாசன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்த் தன் காரில் ஏறினார். அதற்குப் பிறகு விமானத்தில் அவர் ஏறவில்லை.

முதலில் முதுகு நோகிறது என்றார். பிறகு மகளின் நீச்சல் வகுப்பு என்றார். ஓகஸ்ற்றில் அருமைராசா தொலைபேசியில் நேரடியாகவே கேட்டபோது, "நீ பிழையைக் கண்டுபிடி. பேந்து பாப்பம்," என்றார்.

அருமைராசா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். பிழையைக் கண்டுபிடித்தால் தாசண்ணை திரும்ப வந்து ஏறுவார். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். பறப்பதில் அவனுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் அவனுக்கு இரவு வேலை. ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறவனிடம் யாரும் கதை கேட்பதில்லை. பல்கலைக்கழகத்தில் எந்திரவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்கவும் ஆள் இருக்கவில்லை. ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் பகலில் நித்திரை. அவன் வாய் திறந்து முழு வசனம் பேசும் நாள் ஞாயிற்றுக்கிழமை. வொட்ரேய்க்கு அப்பால் சோளக்காட்டு ஓரத்தில் விமானத்தைக் கட்டிய கொட்டகையில், தாசண்ணையோடு. அதுவும், "அந்த எட்டாம் நம்பர் சாவியை எடுங்கோ" என்கிற அளவு வசனம். ஜூனுக்குப் பிறகு அதுவும் இல்லை.

எனவே கோடை முழுவதும் தனியே தேடினான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது திருத்தியது என்று தெரியாமல் போய்விடும். பிளக்குகளைப் புதிதாகப் போட்டான். கொயில்களை ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினான். பெற்றோல் பம்பின் அமுக்கத்தைப் பார்த்தான். ஏர்த் வயர்களைக் கழற்றி, சுரண்டி, திரும்பப் பூட்டினான். வாலை ஒரு மரத்தோடு கயிறு போட்டுக் கட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டினான். எஞ்சின் சலிக்காமல் ஓடியது. சூடேறினால் திக்குமோ என்று மணிக்கணக்காக ஓடவிட்டான். மரத்தில் பட்டை கழன்றதுதான் மிச்சம்.

அமெரிக்காவில் இதே எஞ்சினை விமானத்தில் பூட்டியவர்கள் ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தார்கள். அதில் வந்த எல்லாவற்றையும் வாசித்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று பின்னேரமே எவனாவது, 'திக்கும்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?' என்று திருப்பிக் கேட்டிருப்பான்.

2006 ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு. சோளம் வெட்டி முடிந்து வயல் மொட்டையாகக் கிடந்தது. எஞ்சின் ஒரு மணித்தியாலமாக ஓடி நன்றாகச் சூடேறியிருந்தது. அருமைராசா காதில் ஹெட்செற்றோடு இடப்பக்க இருக்கையில் இருந்தபடி சூட்டுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரியதாசனின் கார் வந்து நின்றது. அவன் நிமிர்ந்தான். காரிலிருந்து அவருடைய மனைவி றோசா மட்டும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு இறங்கினாள்.

அவள் ஏதோ கூப்பிட்டாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கொட்டகைக்குள் போய், தட்டில் கிடந்த சின்ன ரேடியோவை எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் பறப்புகளின்போது தரையில் நின்று விமானத்தோடு கதைப்பதற்கென்று மரியதாசன் வாங்கி வைத்தது அது.

"அருமை, கேக்குதோ? றோசாக்கா கதைக்கிறன்."

அவன் கையைத் தூக்கிக் காட்டினான்.

"உந்தச் சனியனை நிப்பாட்டன்."

விரல்களைக் குவித்து, பொறுங்கோ என்று காட்டினான். ஒரு மணித்தியாலச் சூட்டை வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"சரி, நிப்பாட்டாதை. உன்ரை மூஞ்சையைப் பாத்துக் கதைக்கிறதிலும் இது சுகம். சாப்பிட்டியே?"

தலையாட்டினான்.

"என்னத்தை, பாணோ?"

தலையாட்டினான்.

"நினைச்சன். றால் கறி கொண்டந்தனான். கார் முழுக்க மணக்குது, அந்த மனுசன் நாளைக்குக் கத்தப்போகுது." சாப்பாட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு, "அருமை, அவர் இனி வரமாட்டார். நாங்கள் டொரொன்ரோ போறம். வாற சனிக்கிழமை. அவற்றை தம்பி அங்கை கராஜ் போடுறார். 'அவனுக்குச் சொல்லுங்கோ, சொல்லுங்கோ' எண்டு ஒரு மாசமா நான் கத்திறன். 'பிழையைக் கண்டுபிடிச்சிட்டு போன் எடுப்பான், அப்ப சொல்லுறன்' எண்டவர். நீ கண்டுபிடிக்க மாட்டாய் எண்டு அவருக்கு நல்ல நம்பிக்கை."

அருமைராசா அவளைப் பார்த்தான். பிறகு வலப்பக்க இருக்கையைத் தொட்டு, எஞ்சின் பக்கம் கையைக் காட்டினான்.

"அதுக்கில்லை. எஞ்சின் திக்கினதுக்கே அவர் பயந்தவர் எண்டு நினைச்சனீ? வன்னியிலை இருந்து அந்த மனுசன் வந்த வள்ளத்தைப் பாத்திருந்தா நீ இதை விமானம் எண்டு கும்பிடுவாய். அவருக்கு மனம் விட்டுப்போனது வேறை. அண்டைக்கு நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லையாம். என்ன நடக்குது, இறங்கப் போறமோ, விழப் போறமோ, ஒண்டுமில்லை. றேடியோவிலை மட்டும் ஆருக்கோ பிரெஞ்சிலை விளக்கம் குடுத்தியாம், திருப்பித் திருப்பி. பக்கத்திலை இருந்த மனுசனைத் திரும்பியும் பாக்கேல்லையாம். 'பார்சல் மாதிரி இருந்தன் றோசா' எண்டு சொன்னவர். ஏழு வருசம் கூட இருந்து கட்டினவர், அருமை."

இதற்குக் கையால் பதில் சொல்ல முடியாது. அவன் கைப்பிடியில் இருந்த, பேசுவதற்கான ரேடியோப் பொத்தானை அமத்தினான்.

"அக்கா, நான்—"

எஞ்சின் திக்கியது.

விரலை எடுத்தான். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. திரும்ப அமத்தினான். "நான் அண்டைக்கு—" விமானம் முழுவதும் குலுங்கியது. விரலை எடுத்தான். ஓடியது. இந்த முறை ஒன்றும் சொல்லாமல் அமத்தினான். திக்கியது. எடுத்தான். ஓடியது.

"அருமை? சத்தம் மட்டும்தான் வருது. அழுறியோ?"

அமத்தினான். திக்கியது.

"அழாதை தம்பி. என்னெண்டாலும் கதை."

அவன் அழவில்லை. ஜூன் மாதத்தை நினைத்துக்கொண்டிருந்தான். கொட்டகையோரத்துப் புல்லு ஓடுபாதையில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. இறங்க வருகிறவன் தான் எங்கே நிற்கிறான் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பக்கத்தில் வேறு விமானம் இருந்தால் கேட்டு விலகும். ஆற்றுக்கு மேலே வைத்து முதல் முறை சொன்னான், முதல் குலுக்கல். பயத்தில் இன்னும் சொன்னான், இன்னும் குலுங்கியது. குலுங்கக் குலுங்கச் சொன்னான். அன்றைக்கு எஞ்சினைத் திக்க வைத்தது அவன் விரல். அதற்கு முன் தனியே பறந்த நாட்களில் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் இல்லையென்று சோம்பலில் பேசாமலே இறங்கியவன்; கீழே ரேடியோவோடு நின்ற தாசண்ணைக்கும் ஒன்றும் சொன்னதில்லை. தரையில் கோடை முழுக்க அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. யாரோடு கதைப்பது?

இருக்கைக்குக் கீழே ரேடியோவின் அன்ரனா வயர் போகிறது. அதே வழியால், எஞ்சினுக்குள் இரும்புக் கட்டி சுற்றுகிற கணக்கை, பொறி போடும் இக்னிஷன் பெட்டிக்குச் சொல்லும் மெல்லிய வயரும் போகிறது. ரேடியோ அனுப்பும்போது அந்த மெல்லிய வயர் அதையும் வாங்கிக்கொள்ள, பெட்டிக்குக் கணக்குத் தப்பிவிடுகிறது. இரண்டையும் வடிவாகச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியவன் அருமைராசாதான். ஒன்றை இடப்பக்கத்தாலும் மற்றதை வலப்பக்கத்தாலும் கொண்டுபோ என்று தாசண்ணை அப்போதே சொன்னார். ஒரே கட்டாக இருந்தால்தான் பார்க்க அழகு என்று இவன் கேட்கவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டன்."

"என்னத்தை?"

அவன் சொன்னான். அன்ரனா, வயர், பெட்டி, கணக்கு. அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் பார்த்ததில்லை. முடியும்வரை காத்திருந்தாள்.

"நான் சொன்னது உனக்குக் கேட்டதோ?"

"கேட்டது."

"என்ன சொன்னனான்?"

"டொரொன்ரோ."

றோசா சாப்பாட்டுப் பெட்டியை இறக்கையின்மேல் வைத்தாள்.

"அதிலை வையாதேங்கோ, பெயின்ற் கீறும்."

"அவர் அடிச்ச பெயின்ற். அடிச்சவரே போறார், பெயின்றைப் பற்றிக் கவலைப்படுறான்."

அந்தக் கிழமையே அருமைராசா கட்டைப் பிரித்து, வயர்களை இரண்டு பக்கமாகக் கொண்டுபோனான். வியாழக்கிழமை காலை, வேலை முடிந்த கையோடு, நித்திரை கொள்ளாமல் தனியே ஏறினான். ஆற்றுக்கு மேலே வைத்துப் பொத்தானை அமத்தி, தான் நிற்கும் இடத்தைச் சொன்னான். பிரெஞ்சில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். எஞ்சின் அசையவில்லை. ஒருவரும் பதில் சொல்லவுமில்லை. இறங்கி, இருக்கைகளைத் துடைத்து வைத்தான். வலப்பக்கத்தைக் கொஞ்சம் கூடவே துடைத்தான்.

சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. பார்க் எக்ஸ்ரென்ஷனில் மரியதாசனின் இரண்டாம் மாடி வீடு. வெளியே, தெருவுக்கு இறங்கும் வளைந்த இரும்புப் படி. கீழே வாடகை ட்ரக் பின்கதவு திறந்து நின்றது. றோசா ட்ரக்குக்குள் நின்று பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலே வாசலில், பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாகக் கிடந்த சோபாவின்மேல் மரியதாசன் இருந்து இளைப்பாறினார்.

"என்ன, கண்டுபிடிச்சிட்டியாம்."

"ஓம்."

"வயரோ?"

"ஓம். நீங்கள் அப்பவே சொன்னனீங்கள், வேறை வேறையா கொண்டுபோ எண்டு."

"நான் சொன்னது காலிலை தட்டும் எண்டு. உந்தக் கணக்கு வழக்கெல்லாம் எனக்கு எங்கை தெரியும்?" அவர் சிரித்தார். "அப்ப நீ வாயைத் திறந்தாத்தான் அது திக்கினது. நல்ல எஞ்சின். ஆளைப் பாத்துத்தான் பூட்டியிருக்கிறம்."

அருமைராசாவும் சிரிக்கப் பார்த்தான். "தாசண்ணை, ஒருக்கா ஏறுங்கோ. இருபது நிமிசம். போய் வர ஒரு மணித்தியாலம். ட்ரக் பின்னேரம்தானே வெளிக்கிடுது."

மரியதாசன் கைப்பிடிக் கம்பியில் இருந்த ஈரத்தைக் கையால் வழித்தார்.

"இல்லையடா."

"எஞ்சின் இப்ப சரி. வியாழன் ஏறிப் பாத்தனான்."

"சரியாத்தான் இருக்கும். நீ சரியெண்டா சரிதான். அதிலை எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருக்கேல்லை." அவர் எழும்பினார். "விமானத்திலை என்ரை பாதியும் உன்னோடையே இருக்கட்டும். விக்கிறதெண்டா வில்லு, வைச்சிருக்கிறதெண்டா வைச்சிரு. இப்ப சும்மா நிக்காமல் மற்றப் பக்கத்தைப் பிடி."

அவர் கீழ்ப்பக்கம் போனார். பின்பக்கமாக இறங்க வேண்டியவர் அவர். சோபாவைத் தூக்கியதும் அதன் முதுகு அவர் முகத்தை மறைத்தது. பின்னால் படி எங்கே முடிகிறது, எங்கே வளைகிறது என்று அவரால் பார்க்க முடியாது. மேலே நின்ற அருமைராசா பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் தெரியும். மரியதாசன் ஒரு காலை முதல் படியில் வைத்து அப்படியே நின்றார். மற்றக் காலைத் தூக்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை.

மழை சோபாவின் துணியில் விழுந்தது. பாரம் அருமைராசாவின் விரல்களை அறுத்தது. அவர் ஏன் நிற்கிறார் என்று யோசித்தான். அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இன்னும் ஒரு படி," என்றான்.

அவர் இறங்கினார்.

"இன்னொண்டு. அடுத்ததிலை வளையுது, வலக்காலை வெளிப்பக்கமா வையுங்கோ. அங்காலை. சரி. இது ஈரம், வழுக்கும். பொறுங்கோ, நான் கொஞ்சம் தூக்கிறன், பாரம் உங்களுக்கு வரும். வருது. இப்ப வந்திட்டுது. சரியோ?"

"சரி."

"இன்னொண்டு. கம்பியிலை துணி கொழுவுது, ஒரு அங்குலம் இடப்பக்கம். போதும். கீழை ஒரு பெட்டி கிடக்குது, நீங்கள் இன்னும் அதுக்குக் கிட்ட வரேல்லை, வரேக்கை சொல்லுறன். இன்னொண்டு. இப்ப நேரா வாங்கோ. நல்லா வாறியள்."

"ஆர் உது கதைக்கிறது?" என்று ட்ரக்குக்குள் இருந்து றோசா கேட்டாள்.

"விசரன்தான்," என்றது சோபாவுக்கு அந்தப்பக்கம் இருந்த குரல். "நீ சொல்லு, சொல்லு."

"இன்னும் ரெண்டு படி. இது ஒண்டு. இது கடைசி. காலை வையுங்கோ. தரை."

மரியதாசன் சோபாவைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் இருந்த மழையைத் தோளில் துடைத்தார். அருமைராசாவைப் பார்க்கவில்லை, மேலே, திறந்து கிடந்த கதவைப் பார்த்தார்.

"வா," என்றார். "ஃபிரிட்ஜ் இருக்கு. அதுக்கு இன்னும் கூடக் கதைக்கோணும்."

இருவரும் மேலே ஏறினார்கள்.