புள்ளி குறைந்த மாதம்

இன்னாசிராஜ் கொண்டுவந்து கொடுத்த சம்பளத்தில் ஆறு ரூபாய் குறைந்தது. அறுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் அது. சவரிமேரி இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாள். விலைவாசி இறங்கிவிட்டதாம், அதனால் ஆலையில் பஞ்சப்படியைக் குறைத்துவிட்டார்கள் என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

அன்று காலையில்தான் அவள் அரிசி வாங்கி வந்திருந்தாள். கிலோ ஒரு ரூபாய் முப்பத்துநாலு பைசா. போன மாதத்தைவிட ரெண்டு பைசா அதிகம். நல்லெண்ணெய் இறங்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூட உடுப்புத் துணி எடுக்கப் போய், விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். விலைவாசி எந்த ஊரில் இறங்கியது என்று அவளுக்கு விளங்கவில்லை. கட்டிய புருஷன் பொய் சொல்கிறான் என்பது ஒன்றுதான் விளங்கியது.

பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவள் அவனை அப்படி நினைத்ததில்லை. நினைக்கத் தொடங்கிய பிறகு எல்லாமே பொருந்தி வந்தது. ஷிப்டு முடிந்து அரைமணி நேரம் தாமதமாக வருகிறான். ஆலையில் பாதிப் பேருக்குச் சீட்டாட்டம் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரவில்லை. அவன் சட்டைப்பையை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள். ஒரு பீடிக்கட்டும் சைக்கிள் கடைச் சீட்டும் தவிர ஒன்றுமில்லை. ஒன்றும் கிடைக்காததே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

மூன்றாம் நாள், அவன் தூங்கிக்கொண்டிருந்த பகல் வேளையில், செம்மண்டலத்திலிருந்து நடந்து ஆலைக்குப் போனாள். வாசலில் காவல்காரர் கோவிந்தசாமி இருந்தார். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் நின்றவளிடம் அவரே பலகையைக் காட்டினார். அவளைப் போல நாலைந்து பெண்கள் ஏற்கெனவே வந்து போனார்களாம். பலகையில் தட்டச்சு அடித்த காகிதம் ஒட்டியிருந்தது. கடலூரின் விலைவாசிப் புள்ளி இத்தனை குறைந்திருக்கிறது, ஆகவே பஞ்சப்படி இவ்வளவு குறைகிறது என்று இருந்தது. ஆறு ரூபாய் பத்துப் பைசா. அவன் பத்துப் பைசாவைத் தன் கையிலிருந்து போட்டுக் கொடுத்திருக்கிறான்.

திரும்பி வந்து அவனுக்குச் சோறு போட்டாள். போய்ப் பார்த்ததைச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் போனாய் என்ற கேள்வி வரும்.

ஆனால் மனம் அடங்கவில்லை. புருஷன் மேலிருந்த சந்தேகம் போய், வேறு யார் மேல் வைப்பது என்று தெரியாமல் நின்றது. புள்ளியை யார் எண்ணுகிறார்கள்? இன்னாசிராஜிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். சர்க்காரிலிருந்து ஓர் ஆள் வாராவாரம் கடைகளுக்கு வந்து விலை எழுதிப் போவதாகவும், அதை வைத்துத்தான் புள்ளி போடுவதாகவும் சங்கத்தில் சொன்னார்கள் என்றான். ஆலைக்காரர்கள் அந்த ஆளைக் கையில் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று சிலர் பேசிக்கொள்வதாகவும் சொன்னான்.

அப்போது அவளுக்கு நினைவு வந்தது. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அவள் அரிசி வாங்குவது அப்துல் ஜலீல் கடையில். வெள்ளிக்கிழமை காலையில், ஜும்மாவுக்குக் கடை அடைப்பதற்கு முன், மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் தோல்பையோடு வருவார். ஜலீல் பாய் அவருக்கு நாற்காலி போடுவார். அவர் ஏதோ கேட்பார், பாய் பதில் சொல்வார், அவர் எழுதிக்கொண்டு போவார். ஒரு நாளும் எதுவும் வாங்கியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முன்கூட்டியே போய், உப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கண்ணாடிக்காரர் வந்தார். இரண்டாம் தரப் புழுங்கல் அரிசி என்ன விலை என்று கேட்டார். ஜலீல் பாய் தலைக்கு மேலே தொங்கிய விலைப்பலகையைப் பார்த்து, தொண்ணூற்றிரண்டு பைசா என்றார். அவர் எழுதிக்கொண்டார்.

பலகையில் தொண்ணூற்றிரண்டு என்று இருப்பது சவரிமேரிக்கும் தெரியும். அந்த அரிசியை அவள் கண்ணால் பார்த்து எட்டு மாதம் ஆகிறது.

அவர் கடையை விட்டு இறங்கியதும் அவளும் இறங்கினாள். எண்ணெய்க் கடை, துணிக்கடை, விறகுக் கடை என்று அவர் போன இடமெல்லாம் போனாள். ஆலைக்காரர் எவராவது அவரைச் சந்தித்து எதையாவது கையில் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் கொடுக்கவில்லை. ஒரு கடையில் மோர் வாங்கிக் குடித்தார். பிறகு பஸ் நிலையத்துக்குப் போய்ச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். அந்த வாரத்துப் பால்காசு அவள் முந்தானையில் முடிந்திருந்தது. யோசிக்க நேரமில்லை. பின்வாசல் வழியாக அவளும் ஏறிவிட்டாள்.

ஆலப்பாக்கம் தாண்டிய பிறகுதான் பயம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளைத் தேடுவார்கள். முன்பின் தெரியாத ஆம்பிளை ஒருவர் பின்னால் இன்னொரு ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. இறங்கலாம் என்றால் நடு வழி.

சிதம்பரத்தில் இறங்கி அவர் கீழவீதிப் பக்கம் நடந்தார். ஒரு மளிகைக் கடை முன் நின்று, தோல்பைக்குள்ளிருந்து மடித்த துணிப்பை ஒன்றை எடுத்தார். அரிசி விலை கேட்டார். கடைக்காரர் ஒரு ரூபாய் முப்பத்தாறு என்றார். அவர் நாலு பைசா குறைக்கச் சொன்னார். கடைக்காரர் அடுத்த ஆளுக்கு நிறுக்கத் தொடங்கிவிட்டார். கண்ணாடிக்காரர் சற்று நேரம் நின்று, மூன்று கிலோ கேட்டு, பிறகு இரண்டு போதும் என்றார்.

அவர் பையை வாங்கிக்கொண்டு திரும்பியபோது சவரிமேரி எதிரில் நின்றாள்.

"இந்த வெலைய எந்த நோட்டுல எழுதுவீங்க சார்?"

அவர் முதலில் தோல்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். யார் அனுப்பினார்கள், சங்கமா, ஆபீஸா என்று கேட்டார். கடலூரிலிருந்து பின்னாலேயே வந்தேன் என்றதும் இன்னும் பயந்தார். அவள் தன் வீட்டுச் சம்பளத்தையும் ஜலீல் பாய் கடை அரிசியையும் சொல்லச் சொல்ல, மெல்ல ஓர் ஓரமாக வந்து நின்றார். தன் பெயர் தட்சிணாமூர்த்தி என்றார். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. கடலூரில் வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் சிதம்பரத்தில் மாமனார் வீட்டோடு இருக்கிறார்.

"எனக்குக் குடுத்திருக்கிற படிவத்துல எட்டுக் கடை, இன்ன சரக்குன்னு அச்சடிச்சிருக்கும்மா. அவுங்க சொல்ற வெலையத்தான் நான் எழுதணும். அது கெடைக்குதான்னு நானா போயி மூட்டையப் பிரிச்சுப் பாக்க முடியாது. எனக்கும் அதே புள்ளியிலதான் படி. எனக்கும் கொறைச்சிட்டாங்க."

"அப்போ பொய்னு தெரிஞ்சேதான் எழுதுறீங்க."

எல்லாமே பொய் இல்லை என்றார் அவர். மிளகாயும் வெங்காயமும் புளியும் நிஜமாகவே இறங்கியிருக்கின்றன, போன வருஷம் ஏறின வேகம் இப்போது இல்லை என்றார். அவளுக்கும் அது தெரியும். மிளகாய் மலிந்ததை அவளே பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஆனால் மிளகாயை வைத்துக்கொண்டு சோறு பொங்க முடியாது என்றாள். ரெண்டு வருஷத்தில் ஏறியது மலையளவு, இப்போது இறங்கியது ஒரு முழம், அந்த ஒரு முழத்துக்கு எங்கள் தலையில் கை வைப்பீர்களா என்றும் கேட்டாள். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தட்சிணாமூர்த்தி அவளைக் கும்பிடாத குறையாகப் போகச் சொன்னார்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் பக்கத்து வீட்டு அமராவதியிடம் இருந்தார்கள். இன்னாசிராஜ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அமராவதியின் வீட்டுக்காரர் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்திருக்கிறார். யாரோ ஒருவர் ஏற, பின்னாலேயே அவளும் ஏறியதைப் பார்த்திருக்கிறார்.

"யாரு அந்த ஆளு?" என்று மட்டும் கேட்டான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு நம்ப முடியாத கதையாக இருக்கிறது என்பது அவளுக்கே கேட்டது. அரிசி விலை கேட்கச் சிதம்பரம் போனாளாம். அவன் சாப்பிடாமல் ஷிப்டுக்குப் போய்விட்டான். அந்த வாரம் முழுவதும் அவளோடு பேசவில்லை. அவள் தண்ணீர் எடுக்கப் போனால்கூட நேரம் பார்த்தான். தான் அவனுடைய சட்டைப்பையைத் தடவிய நாட்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அவன் மேல் கோபப்பட முடியவில்லை.

வியாழக்கிழமை அவளே பேசினாள்.

"நாளைக்குக் காலையில என்கூடக் கடைக்கு வாங்க. அந்த ஆளு வருவாரு. பாத்துட்டு அப்புறம் என்னா வேணா நெனச்சிக்குங்க."

இரவு ஷிப்டு முடித்து, தலையில் பஞ்சுத் தூசியோடு நேராகக் கடைத்தெருவுக்கு வந்தான். அவளுக்கு நாலடி தள்ளி நின்றான். தட்சிணாமூர்த்தி கடைக்குள் நுழைந்தவுடன் அவளைப் பார்த்துவிட்டார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கத்தைவிடச் சத்தமாக இரண்டாம் தரப் புழுங்கல் என்ன விலை என்று கேட்டார்.

"தொண்ணூத்திரெண்டு சார்," என்றார் ஜலீல் பாய்.

சவரிமேரி பையை விரித்து நீட்டினாள்.

"அதுல அஞ்சு கிலோ போடுங்க பாய்."

ஜலீல் பாயின் கை தராசின் மேலேயே நின்றது. அது இப்போதுதான் காலையில் தீர்ந்துபோனது என்றார். எப்போது வரும் என்று தட்சிணாமூர்த்தி கேட்டார். திங்கட்கிழமை என்றார் பாய். எட்டு மாதமாக எந்தத் திங்கட்கிழமையும் வரவில்லை என்றாள் சவரிமேரி. இன்னாசிராஜ் முன்னால் வந்து, தன் வீட்டில் வெந்தது என்ன அரிசி, என்ன விலை என்று பாயிடமே கேட்டான்.

ஜலீல் பாய் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சர்க்காரு கட்டுன வெலைய விட்டுட்டுப் பலகையில நெஜ வெலைய எழுதுனா மறுநாளு எம்மேல கேஸு வரும் சார். பையி எடுத்துக்கினு வெல கேக்க வர்றவங்க எங்கேருந்து வர்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களைச் சப்ளை ஆபீஸ் ஆளுன்னுதான் நாலு வருஷமா நெனச்சிட்டிருக்கேன். அதான் நாக்காலி போடுறேன்."

வழக்குப் போடுவதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று தட்சிணாமூர்த்தி சொன்னார். பாய் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு ரூபாய் முப்பத்துநாலு என்று சொன்னார். தட்சிணாமூர்த்தி முன்பு எழுதியதை அடித்துவிட்டு, படிவத்தில் குறித்த சரக்கு கடையில் இல்லை, விற்பது இது, விலை இது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுதியதை இன்னாசிராஜும் பார்த்தான். வீடு திரும்பும் வழியில் அவன் அரிசிப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

ஆவணிச் சம்பளத்தில் எண்பத்தைந்து பைசா கூடியிருந்தது. அது ஜலீல் பாய் கடையின் ஒற்றை வரியால் வந்ததா, மற்ற ஏழு கடைகளில் ஏதாவது ஏறியதால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆறு ரூபாய் திரும்பி வரவில்லை. ஜலீல் பாய் அவளுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்; ரொக்கம் என்றால் மட்டும் பேசாமல் நிறுத்துப் போட்டார். வேறு கடைக்குப் போகச் சொல்லி இன்னாசிராஜ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை.

தட்சிணாமூர்த்தி புரட்டாசியோடு வருவது நின்றுபோனது. மாற்றலா, வேலையை விட்டு எடுத்துவிட்டார்களா என்று ஜலீல் பாய்க்கும் தெரியவில்லை. தன்னால்தானோ என்ற எண்ணம் சவரிமேரியை விட்டுப் போகவே இல்லை. அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். சலவைச் சட்டை போட்ட, அவசரக்காரர். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே விலை கேட்டார். ஜலீல் பாய் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

சவரிமேரி அவர் பக்கத்தில் போய், அந்த அரிசி இந்தக் கடையில் இல்லை என்றாள்.

புதியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை மூடினார். கடைக்காரர் சொல்வதைத்தான் எழுத முடியும், மற்றதெல்லாம் ஆபீஸில் கேட்க வேண்டும் என்றார்.

"கேட்டுக்கினு வாங்க சார்," என்றாள் அவள். "வெள்ளிக்கெழமைன்னா நான் இங்கதான் இருப்பேன்."