அப்பா தேடச் சொன்ன கிரைண்டர்

கம்ப்ரஸரின் சுவிட்சை ஆபேல் தட்டினான். மோட்டார் ஒருமுறை உறுமியது. ஷெட் விளக்கையும் கூட்டிக்கொண்டு அடங்கிப்போனது. முன்வீட்டில் மின்விசிறிகள் நின்றன. பாடிக்கொண்டிருந்தவர்கள் அடுத்த வரியைத் தொடங்கிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு குரலாகக் கழன்றுகொண்டது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஹாலில் ஃப்ரீசர் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் அப்பா இருந்தார்.

வீட்டுக்கும் பின்பக்கத்து ஷெட்டுக்கும் ஒரே மீட்டர். கம்ப்ரஸர் போடுவதற்கு முன் அப்பா தேவானந்தம் ஷெட் வாசலில் நின்று, "ஏசி ஆஃப், ஃப்ரிட்ஜ் ஆஃப்" என்று கத்துவார். அம்மா ரத்தினபாய் உள்ளேயிருந்து "ஆஃப்" என்று பதில் கொடுத்த பிறகுதான் சுவிட்ச். ராஜகீழ்ப்பாக்கத்தின் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பயந்துபோய்த் தங்கள் ஃப்ரிட்ஜையும் நிறுத்தியதுண்டு. இன்றைக்குக் கத்த வேண்டியவர் உள்ளே படுத்திருந்தார். அவர் படுத்திருந்த பெட்டியைத்தான் நிறுத்தவும் கூடாது.

ஜெரூஷா பின்வாசலுக்கு வந்து நின்றாள். அழுது அழுது தங்கையின் முகம் வீங்கியிருந்தது.

"அண்ணா, என்ன பண்ணின?"

"அப்பாவோட பிளேட் அடிக்கலாம்னு."

"இப்பவா?"

"அப்புறம் அப்பா இருக்க மாட்டாரே."

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் திரும்பி உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த தாய்மாமன் ஞானையா போகவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"உயிரோட இருந்தப்ப அந்த மனுஷனுக்குச் சூடு ஏத்தினது பத்தாதாடா? பொணத்துக்குமா?"

வெளியே மே மாத வெயில் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஆபேல் பியூஸ் கட்டையைப் பிடுங்கினான். அதில் கம்பி சுற்றும் விதம் அவனுக்குத் தெரியாது. செல்வமேரி வந்து அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். ஷெட்டில் அப்பாவிடம் பல வருடமாக வேலை செய்கிறவள். இரும்பு அச்சுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவள் வேலை. கம்பியைச் சுற்றிக் கட்டையைச் சொருகியதும் உள்ளே மின்விசிறிகள் ஓடின. ஃப்ரீசர் பெட்டி முனகத் தொடங்கியது. பாட்டு விட்ட இடத்திலிருந்து வராமல் முதலிலிருந்து வந்தது.

"அய்யாவ எடுத்து சவப்பெட்டில வெச்சதுக்கு அப்பறமா கம்ப்ரஸர் போடலாம்ணா," என்றாள். "அப்போ இந்தப் பொட்டி ஓடாது. லோடு தாங்கும்."

"உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

"இதுல இன்னா கீது தெரியறதுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிளேட் என்பது அவர்கள் சபையில் ஒரு வழக்கம். கல்லறை கட்டும் வரை மண்மேட்டின் தலைமாட்டில் ஓர் இரும்புச் சிலுவை நிற்கும். அதில் எவர்சில்வர் தகடு ஒன்று, தகட்டில் பெயர். அந்த எழுத்துகளை ஏர் கிரைண்டரால் செதுக்கிக் கொடுப்பவர் தேவானந்தம். யாரிடமும் காசு வாங்கியதில்லை. வாங்காத காசுக்குப் பதிலாக நக்கலடிக்கும் உரிமையை வைத்துக்கொண்டார். "ஞானையா, உன் பேர்ல 'ஞா' இருக்கு. வளைச்சு வளைச்சு மணிக்கட்டு போயிடும். சாகறதுக்கு முன்னால ஒரு வாரம் நோட்டீஸ் குடுத்துடு," என்பார். மாமா அதற்குச் சிரித்ததே இல்லை.

இப்போது தேவானந்தத்துக்கே ஒரு தகடு வேண்டியிருந்தது. ஷெட் மேசையில் வெறும் தகடு கிடந்தது. பக்கத்தில் துணியில் சுற்றிய புது கிரைண்டர்.

பருத்த சுருட்டு அளவில் இருக்கும் கருவி. வால் பக்கம் கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றுக்குழாய், மூக்கில் பர் என்கிற சின்னஞ்சிறு பல்முனை. காற்றைத் திறந்தால் அந்த முனை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றி இரும்பைச் சீவும். அப்பா படுக்கையில் விழுந்த பிறகுதான் புதிது வேண்டும் என்று ஆரம்பித்தார். கெட்டியாக உழைக்கிறதாக வேண்டும். ஆபேல்தான் போய் வாங்கி வர வேண்டும்.

ஆபேலுக்கு ஆச்சரியம். அவனை நம்பி அப்பா பால் பாக்கெட் வாங்கக்கூட அனுப்பியதில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. மாடம்பாக்கத்தில் செல்போன் கடை, அஸ்தினாபுரத்தில் கூரியர் ஏஜென்சி, நடுவில் தண்ணீர் கேன் என்று அவன் ஆரம்பித்த தொழில்கள் எல்லாம் இன்று இழுத்து மூடிய ஷட்டர்கள். பைக்கில் யாராவது கூட வந்தால் வழியில் அவனே நிறுத்திக் காட்டுவான். "இது நம்ம நினைவுச் சின்னம்."

முதலில் கொண்டுவந்த கிரைண்டரை அப்பா காதோரம் வைத்துக் கட்டைவிரலால் மூக்கைச் சுழற்றினார். "பேரிங் இப்பவே ஆடுது. உன்ன மாதிரியே கடையிலேர்ந்து வரும்போதே ஆட்டம்." அடுத்ததை இப்படியும் அப்படியும் திருப்பினார். "உள்ள பார்ட் தேஞ்சா எங்க கிடைக்கும்?" ஆபேல் விசாரிக்கவில்லை. "அப்ப ஓடற வரைக்கும் ஓட்டிட்டுத் தூக்கிப் போடணும். உன் பிசினஸ் எல்லாம் அப்படித்தான, பழக்கம் உனக்கு." மூன்றாவது நல்ல இரும்பு உடம்பு. அதைத் தன் கையில் வைத்துப் பார்க்காமல் ஆபேலின் கையைப் பிடித்து அதில் வைத்தார். விரல்கள் சுற்றி வருகின்றனவா என்று பார்த்தார். "சின்னக் கைக்கு இது தடிமன். வேற பாரு. காத்து பின்பக்கமா வெளிய போற மாதிரி பாரு, மூஞ்சியில எண்ணெ அடிக்கக் கூடாது."

ஆபேலின் கை சின்னது. ஆபேல் கண்ணாடி போட்டிருந்தான்; எண்ணெய் அடித்தால் மறைக்கும். தாம்பரத்துக் கடைக்குத் திரும்பப் போகும் வழியில் சேலையூர் சிக்னலில் பச்சை விழுந்ததைக் கவனிக்காமல் நின்றான். பின்னால் ஹாரன் அடித்தவனைப் பார்த்துச் சிரித்தான். அப்பா தன் கைக்கு அளவு பார்க்கிறார். ஷெட்டைத் தனக்குத்தான் கொடுக்கப் போகிறார். சொல்ல வாய் வராத மனிதர், கருவியாகச் சொல்கிறார்.

நான்காவது கிரைண்டரை அவர் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் தடவினார். "இது இருக்கட்டும். நான் போனப்புறமும் ஓடும்." பிறகு, "எண்ணெ வாங்கலையா? எண்ணெ விடாம ஓட்டினா நாசமாப் போயிடும்," என்றார். ஆபேல் எண்ணெய் வாங்கப் போனான். புட்டியோடு திரும்பி வந்தபோது செல்வமேரி அவர் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கும் இடைவெளியில் ஆபேல் ஹாலுக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் குந்தினான். ரத்தினபாய் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த கிரைண்டர் எனக்குத்தான?"

அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை. "போய் சட்டைய மாத்து. வேர்வை நாறுது."

"ஷெட்டப் பத்தி அப்பா உன்கிட்ட ஏதாவது..."

"பாஸ்டர் வராரு பாரு. நாற்காலி போடு."

நாற்காலி போட்டான். சமையலறையில் ஜெரூஷா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நேராகவே கேட்டான்.

"ஷெட்ட யார்கிட்ட விடறதுன்னு அப்பா சொன்னாரா?"

"அடக்கம் முடியட்டும்ணா."

"சொன்னாரா இல்லையா?"

"இதுல ஓரத்துல இருக்கறது சுகர் இல்லாதது. மாமாவுக்குக் குடு. மாத்திக் குடுத்துடாத."

மாற்றித்தான் கொடுத்தான். ஞானையா ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்கும் ஒரு பெட்டி சொல்லிடு," என்றார்.

மதியத்துக்கு மேல் சாம்பசிவன் மாலையோடு வந்தார். தாம்பரத்தில் டூல்ஸ் கடை வைத்திருப்பவர். மாலையைப் பெட்டி மேல் வைத்துக் கும்பிட்டவர் ஆபேலைத் தேடிக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டார். மேசையிலிருந்த கிரைண்டரை எடுத்துத் தூசி தட்டினார்.

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். வீட்டு கரண்ட் போச்சு."

"நல்ல பீஸ் சார். அய்யா போன்ல எவ்ளோ கேள்வி கேட்டாரு தெரியுமா. ஸ்பேர் கிடைக்குமா, கீழ விழுந்தா தாங்குமா, நாள் பூரா புடிச்சா கை மரத்துப் போவுமான்னு. சாகப்போற மனுஷன் இவ்ளோ கேட்டு நான் பாத்ததில்ல. நல்லா இருக்கறவனே விலைய மட்டும்தான் கேப்பான்."

"யாருக்குன்னு சொன்னாரா?"

சாம்பசிவன் கிரைண்டரை மேசையில் வைத்தார். ஷெட் மூலையில் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்த செல்வமேரியின் முதுகைப் பார்த்தார். பிறகு ஒரு காலண்டர்கூட இல்லாத சுவரைப் பார்த்தார்.

"வீட்ல பேசிக்கங்க சார். நான் கெளம்பறேன். சாவு வீட்ல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது."

சாயங்காலம் அடக்கம். வெயில் சாயத் தொடங்கியதும் சவப்பெட்டி வந்தது. அப்பாவைத் தூக்கி அதில் வைத்தார்கள். காலைப் பிடித்தது ஆபேல். இரண்டு கால்களும் பெட்டியை விடக் குளிர்ந்திருந்தன; காலையில் நடந்த கூத்துக்கு அதுவே அவனுக்கு ஆறுதலாக இருந்தது. யாரோ ஃப்ரீசர் பெட்டியின் வயரைச் சுருட்டினார்கள். ரத்தினபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினாள்.

"ஆஃப்," என்றாள். யாரும் கேட்காமலேயே.

ஷெட்டில் கம்ப்ரஸரில் காற்று நிரம்பியது. ஆபேல் கிரைண்டரைக் கையில் எடுத்தான். பென்சிலால் எழுதி வைத்திருந்த 'தே'யின் மேல் முனையை வைத்துக் காற்றைத் திறந்தான். கருவி கையை உதறிக்கொண்டு தகட்டின் குறுக்கே ஓடியது. தேவானந்தத்தின் பெயருக்கு மேல் ஒரு நீண்ட கோடு விழுந்தது, ஆசிரியர் தப்பு விடையை அடிப்பது போல.

செல்வமேரி தகட்டைத் திருப்பிப் போட்டாள். பின்புறம் சுத்தமாக இருந்தது. அவன் கையிலிருந்து கிரைண்டரை வாங்கினாள். அவள் விரல்கள் அதைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன. ஆபேல் அந்த விரல்களைப் பார்த்தான். அவன் விரல்களைவிடச் சின்னவை.

"செல்வமேரி, ஒண்ணு கேட்டா மழுப்பாம சொல்லுவியா?"

"கேளுண்ணா."

"இது யாருக்கு?"

அவள் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "எனக்குண்ணா."

"ஷெட்டு?"

"அதையும் என்னியே நடத்த சொன்னாரு. மாசாமாசம் அம்மாக்கு வாடக குடுக்கணும். அம்மாக்குத் தெரியும். ஜெரூஷாக்காக்கும் தெரியும்."

"சாம்பசிவனுக்கும்."

"அவருக்கும்."

"மாமாவுக்கு?"

"அவருதான் ஒங்கிட்ட சொல்ல வோணாம்னாரு. அடக்கத்தன்னிக்கு சண்ட வரும்னு."

சண்டை போடுகிற அளவுக்கு மாமா தன்னை மதித்திருக்கிறார் என்று ஆபேல் சொல்லப் பார்த்தான். வாயில் வந்தது வேறு.

"அப்புறம் என்னை எதுக்குக் கடை கடையா அலைய வெச்சாரு?"

"நான் போறேன்னுதான் சொன்னேன். 'உனக்கு வேலை இருக்கு. அவன் சும்மாதான இருக்கான், போகட்டும்'னாரு."

"என் கையில வெச்சுப் பாத்தாரே."

"நான் அப்போ மில்லிங் மிஷின்ல நின்னுகினு இருந்தேன். கை பூரா கிரீஸு. ஒன் கை ஏறக்கொறைய என் கை சைஸுன்னு சொல்லிகினு இருந்தாரு."

"வேற என்ன சொன்னாரு? என்னைப் பத்தி."

அவள் யோசித்தாள். ஏதாவது இருக்குமா என்று உண்மையாகவே தேடுகிறாள் என்பது அவள் நெற்றியில் தெரிந்தது. தேடி முடித்தாள்.

"இல்லண்ணா. ஒண்ணும் சொல்லல."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு பிளேட்டை முடிக்கிற அவசரம். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "தகடு ஆடுது. ரெண்டு பக்கமும் அழுத்திப் புடி," என்றாள். ஆபேல் பிடித்தான்.

காற்று சீறியது. 'தே' விழுந்தது, 'வா' விழுந்தது. சூடான இரும்புத் துகள்கள் அவன் புறங்கையில் வந்து ஒட்டின. காற்றழுத்தம் இறங்கும்போதெல்லாம் அவள் நிறுத்தினாள். கம்ப்ரஸர் மூச்சு வாங்கும் வரை இருவரும் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன்வீட்டில் பாஸ்டரின் குரல் உயர்ந்து அடங்கியது.

"நான் வாங்கினது எப்படி இருக்கு?" என்று ஆபேல் கேட்டான். "உள்ளதச் சொல்லு."

செல்வமேரி கிரைண்டரைக் கையில் ஒருமுறை ஏந்திப் பார்த்தாள்.

"கொஞ்சம் வெயிட்டுண்ணா. ஆனா ஆடல. நான் கெழவியாகற வரிக்கும் வரும்."

வாசலில் பெட்டியைத் தூக்க ஆள் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டுக்கு மகன் எங்கே என்று ஞானையாவின் குரல் கேட்டது. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கடைசி 'ம'வின் வளைவில் முனை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. புள்ளி இன்னும் வைக்கவில்லை. ஆபேல் இரண்டு கையாலும் தகட்டை அழுத்திக்கொண்டு நின்றான்.