இடப்பக்கச் சக்கரம்

அந்த ராணுவ லாரி வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. கிரேன்காரர் அதை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "இதை எங்கம்மா இறக்கறது?" என்று அவளிடம்தான் கேட்டார். அவள் வீட்டுக்காரர் அப்போது தெருவில் நின்று, போகிறவர் வருகிறவரைப் பிடித்து வைத்து, அது எந்தெந்தப் போர்முனையைக் கண்ட வண்டி என்று விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பதிவுப் புத்தகம் கிடைத்தது. பணியில் இருந்த பதினொரு வருடமும் அந்த லாரி ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குப் படுக்கை விரிப்பும் சலவைச் சோப்பும் ஏற்றிப்போயிருக்கிறது. மறுநாளே புத்தகத்தைக் காணோம். போர்முனைக் கதை வந்த அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. வண்டி ஓடத்தான் ஐந்து வருடம் பிடித்தது.

வண்டி நின்ற ஷெட் அவளுடையது. இருபது வருடம் ஊராருக்குத் தைத்துக் கொடுத்து, துணி வெட்டும் மேசையும் நாலு மிஷினும் போடுவதற்கென்று கட்டியது. தரை காய்வதற்குள் லாரி வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் சாப்பாட்டு மேசையில் துணி வெட்டினாள். குடும்பம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது. சாப்பாட்டில் முடி கிடந்தால் சண்டை போடுகிற மனிதர், நூல் கிடந்தால் வாய் பேசாமல் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் பழகியிருந்தார்.

இப்போது அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்குச் சீருடை தைக்கும் வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. திங்கட்கிழமை மிஷின்கள் வருகின்றன. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி ஸ்டோர் அதிகாரி வந்து தையல் கூடத்தை நேரில் பார்ப்பார். கூடம் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் தையல்காரருக்கு. இன்று சனிக்கிழமை. கூடம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பூச்சுப் பச்சைப் பெயின்டோடு லாரி நின்றது.

அதை அங்கிருந்து கிளப்ப ஒரே வழிதான். வீட்டுக்காரர் உறுப்பினராக இருக்கும் பழைய ராணுவ வாகனச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பெரிய கூடம் உண்டு. சங்கத்தின் பரிசோதனையில் தேறிய வண்டிக்கு அங்கே இடம். தேறாவிட்டால் மறுபரிசோதனை அடுத்த வருடம்தான். தெருவில் நிறுத்தலாமே என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு, குழந்தையைக் குப்பைத்தொட்டி ஓரமாகப் படுக்க வைக்கச் சொன்னதுபோல அவர் பார்த்தார்.

சங்கத்தில் பதினான்கு பேர். எல்லோருக்கும் பதவி உண்டு. அவர்களில் ஒருவர்கூட ராணுவத்தில் இருந்ததில்லை. ஒருவர் மட்டும் சேரப்போய், பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்த அனுபவத்தை மதித்து அவரை மேஜர் ஆக்கியிருந்தார்கள். குடிநீர் அலுவலகத்தில் முப்பது வருடம் மீட்டர் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற அவள் வீட்டுக்காரர், கேப்டன்.

பத்து மணிக்குப் பரிசோதனைக் குழு வந்தது. முன்னால் சங்கத் தலைவர் பிரிகேடியர், பின்னால் மேஜர். பிரிகேடியருக்குக் கடைத்தெருவில் திரைச்சீலைக் கடை. அவருடைய கடைக்கு அவள் பல வருடம் திரைச்சீலை தைத்துக் கொடுத்திருக்கிறாள். எந்த ஜன்னலை அளந்தாலும் இரண்டு அங்குலம் குறைத்தே அளந்து வரும் மனிதர். இன்று தலையில் சாய்த்து வைத்த தொப்பி, கக்கத்தில் ஒரு குட்டைத் தடி, கழுத்தில் விசில்.

"கேப்டன்."

"சார்," என்றார் வீட்டுக்காரர், விறைத்து நின்று. மனைவி கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்கு "என்ன" என்று கேட்கிற காதுதான்.

பிரிகேடியர் விதிப் புத்தகத்தை விரித்தார். ஹாரனை அமுக்கிப் பார்த்து, சத்தம் கொஞ்சம் சிவில் சத்தமாக இருக்கிறது என்றார். மேஜர் அதைக் குறித்துக்கொண்டார். பச்சையின் பளபளப்பு ஒரு துளி அதிகம் என்றார். அதையும் மேஜர் குறித்துக்கொண்டார். தார்ப்பாயின் ஓரத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"இது யார் தைச்சது?"

"நாந்தான் சார் எல்லாம்," என்றார் வீட்டுக்காரர்.

அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தார்ப்பாயைத் தைத்ததில் அவளுடைய மிஷினில் இரண்டு ஊசி முறிந்திருந்தது. 'எல்லாம் நீங்கதான். தேறினாச் சரி' என்று வாயை மூடிக்கொண்டாள்.

எஞ்சின் முதல் தடவையே பிடித்துக்கொண்டது. அவளுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

"கடைசியா, களச் சோதனை," என்றார் பிரிகேடியர். "ஒரு சக்கரத்தைக் கழட்டித் திரும்ப மாட்டணும். முப்பது நிமிஷம். போர்க்களத்துல டயர் வெடிச்சா யாரும் ஒர்க் ஷாப்புக்குப் போன் பண்ண முடியாது."

"சலவைக்குப் போற வழியில வெடிச்சா?" என்றாள் அவள்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதுவரை சோதனை எல்லாம் சங்கக் கூடத்திலேயே நடந்தது; அங்கே வண்டிகளை இடப்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்துவார்கள். ஆகையால் சங்கம் தோன்றிய நாளிலிருந்து களச் சோதனையில் கழற்றியது அத்தனையும் வலப்பக்கச் சக்கரம். இங்கேயோ வண்டியின் வலப்பக்கம்தான் சுவரோடு ஒட்டியிருந்தது. பிரிகேடியர் தடியை நீட்டி, "முன்பக்கம், இடது," என்று காட்டி, விசில் ஊதினார்.

அவளுக்குச் சுருக்கென்றது.

ஆறு வருடத்துக்கு முன் டயர்க்கடைக்காரர் வந்து அந்தச் சக்கரங்களைக் கழற்றியபோது கூட இருந்தது அவள்தான். "இந்தப் பழைய வண்டில இடப்பக்கத்து நட்டெல்லாம் மறுமரைம்மா," என்று அவர் சொன்னார். "மத்த நட்டைக் கழட்டற பக்கம் திருப்பினா இது இறுகும். இறுக்கற பக்கம் திருப்பினாத்தான் கழலும். போல்ட் நுனில எழுத்து வெட்டியிருக்கான் பாருங்க." அவள் பார்த்தாள். ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து அந்த எழுத்தைத் துலக்கியதும் அவள்தான். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் ஏழு பச்சை அட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எது அசல் ராணுவப் பச்சை என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். "ம்ம்" என்றார். பிறகு அசல் பச்சையைக் கண்டுபிடித்து, நட்டு, போல்ட், போல்ட் நுனியில் இருந்த எழுத்து எல்லாவற்றின் மேலும் நாலு பூச்சுப் பூசினார்.

இப்போது அவர் ஸ்பேனரை மாட்டி, எல்லா நட்டையும் கழற்றுகிற பக்கமாகத் தம் பிடித்துத் தள்ளினார். அசையவில்லை.

"துருப் பிடிச்சிருக்கும்," என்றார் மேஜர்.

"துரு எப்படிங்க வரும்? நாலு கோட் அடிச்சிருக்கேன்."

"என்னங்க, அது அந்தப் பக்கம் திருப்பணும்," என்றாள் அவள்.

"எது?"

"நட்டு. இடப்பக்கம் மறுமரைன்னு அன்னிக்கே சொன்னேன்ல."

"சித்த சும்மா இரும்மா. டைம் ஓடுது."

"டைம் ஓடுதுன்னுதான் சொல்றேன்."

பிரிகேடியர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "சிஸ்டர், உலகத்துல எந்த நட்டா இருந்தாலும் கழட்டறது ஒரே பக்கம்தான்."

"எத்தனை நட்டு சார் கழட்டியிருக்கீங்க?"

"கடையில தினமும் கம்பி மாட்டறேனே."

"அது ஸ்க்ரூ. அதையும் கடைப்பையன்தான் மாட்டுவான்."

மேஜர் இருமினார். பிரிகேடியர் காது கேளாதவராகி, ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகச் சொன்னார். இரண்டு பேர் குழாயைப் பிடித்து அழுத்தினார்கள். நட்டு கால் சுற்று நகர்ந்தது.

"பாத்தீங்களா, வருது," என்றார் பிரிகேடியர்.

"வரலை சார், போகுது," என்றாள் அவள். "இன்னும் இறுக்கியிருக்கீங்க."

ஒன்று வந்துவிட்ட உற்சாகத்தில் மற்ற ஐந்தையும் அதேபோல் கால் சுற்றுக் கால் சுற்று இறுக்கினார்கள். பதினைந்து நிமிடம் போயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாக இவர்கள் படுகிற பாட்டைக் கண்குளிரப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்தச் சுகத்துக்கும் வழியில்லை. தோற்றால் இவர்கள் வீட்டுக்குப் போய் அடுத்த வருடம் வருவார்கள். ஷெட்டை இழந்து நிற்பது அவள்.

"அப்படி இல்ல, எடை போடணும்," என்று சொல்லிப் பிரிகேடியர் தடியையும் தொப்பியையும் மேஜரிடம் கொடுத்தார். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு குழாயின் மேல் ஏறி நின்று, ஒரு குதி குதித்தார்.

டொக்கென்று ஒரு சத்தம். போல்ட் முறிந்து நட்டோடு தெறித்து ஷெட்டின் மூலைக்கு ஓடியது. பிரிகேடியர் உட்கார்ந்த நிலையில் தரைக்கு வந்து சேர்ந்தார். கழுத்தில் இருந்த விசில் வாயருகே வந்து அதுவாக ஒருமுறை மெல்லக் கூவியது.

வீட்டுக்காரர் முறிந்த போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஆறு வருடத்தில் அவர் முகம் அப்படிச் சுருங்கி அவள் பார்த்ததில்லை. இவ்வளவு எரிச்சலிலும் அவளுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. அதற்காகவும் எரிச்சல் வந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்றாள் மேஜரிடம்.

"பதிமூணு நிமிஷம்."

"நகருங்க எல்லாரும்."

ஸ்பேனரை எடுத்து அடுத்த நட்டில் மாட்டிக் குழாயை மறுபக்கம் நீட்டினாள். "நீங்க வந்து இது மேல மிதிங்க. குதிக்க வேண்டாம். சும்மா மிதிங்க."

"இந்தப் பக்கமாவா? இறுகிடுமேம்மா."

"நான் சொல்ற பக்கம்."

அவர் மிதித்தார். கிரீச்சென்று நாலு பூச்சுப் பச்சையும் விரிசல் விட்டு, நட்டு சுழன்றது. அதேபோல் ஐந்து நட்டும் தளர்ந்தன. ஜாக்கியை வைத்து மேஜரைச் சுற்றச் சொல்லிவிட்டு, நட்டுகளை விரலாலேயே சுற்றி எடுத்தாள். சக்கரம் வெளியே வந்தது, உள்ளே போனது. இருபத்தொன்பதாவது நிமிடத்தில் ஐந்தாவது நட்டை இறுக்கிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பிரிகேடியர் அதற்குள் தொப்பியை வைத்துக்கொண்டிருந்தார். அதை வைத்ததும் குரலும் திரும்பிவிட்டது. "விதி ஏழு," என்று வாசித்தார். "பாகம் எதுவும் முறிஞ்சிருந்தா வண்டி தகுதி இல்லை. ரொம்ப வருத்தமா இருக்கு கேப்டன். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"சார், அது நீங்க ஏறினதுல..." என்று வீட்டுக்காரர் தன் சட்டைப் பொத்தானிடம் சொன்னார்.

"விதி விதிதான்."

அவள் மேஜர் கையில் இருந்த படிவத்தை வாங்கிப் பார்த்தாள். "தகுதி இல்லைன்னா காரணம் எழுதணும்னு இங்க ஒரு கட்டம் இருக்கே."

"எழுதணும்," என்றார் மேஜர். "அது அப்படியே சங்க மாத மடல்ல வரும்." மேஜருக்குக் கள்ளம் தெரியாது. பாதம் மட்டும்தான் தட்டை என்று ராணுவம் நினைத்தது தவறு.

"அப்ப எழுதிக்கங்க. நான் சொல்றேன். இடப்பக்கச் சக்கரத்து நட்டு எந்தப் பக்கம் கழலும்னு தெரியாம, பரிசோதனை பண்ண வந்த தலைவர் குழாய் மேல ஏறிக் குதிச்சதுல..."

"ஏறி, குதிச்சதுல," என்று மேஜர் எழுதினார்.

"யோவ், இரு," என்றார் பிரிகேடியர்.

"உக்காந்துட்டாருங்கறதும் எழுதணுமா சார்?" என்றார் மேஜர்.

பிரிகேடியர் விதிப் புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வெகுநேரம் படித்தார். மொத்தமே ஒரு வரி. "இந்த விதியில முறிஞ்ச பாகம்னா, சோதனைக்கு முன்னாடியே முறிஞ்சதுன்னுதான் எடுத்துக்கணும்," என்றார் கடைசியில். "சோதனையில முறியறது போர்க்காயம் மாதிரி. அது வண்டிக்குப் பெருமை."

"கையெழுத்துப் போடுங்க," என்றாள் அவள். "அஞ்சு போல்ட்ல உங்க கூடம் வரைக்கும் மெதுவாப் போகலாம். ஆறாவதை அங்க போய் மாட்டிக்கங்க."

கையெழுத்து ஆயிற்று. லாரி, கொடியில் காய்ந்த துணி முழுவதிலும் புகையை அடித்துவிட்டு, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனது. வீட்டுக்காரர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரருக்குக் கையசைத்தார். மனைவி நின்ற பக்கம் திரும்ப மறந்துவிட்டார். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏற்கெனவே துடைப்பத்தோடு ஷெட்டுக்குள் இருந்தாள்.

ஞாயிறு முழுவதும் சோடாவும் மரத்தூளும் போட்டுத் தரையைத் தேய்த்தாள். திங்கட்கிழமை மிஷின்கள் வந்தன. செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்காரர் சங்கத்தில் போட்டோ எடுப்பதற்காக முழு உடுப்பில் கிளம்பினார். தோளில் நட்சத்திரம், நெஞ்சில் இரண்டு பித்தளைப் பதக்கம்.

"அஞ்சே நிமிஷம் இந்தத் துணி உருளையைப் பிடிச்சுக்கங்க," என்றாள் அவள். "வெட்டிட்டு விட்டுடறேன்."

அவர் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஸ்டோர் அதிகாரி உள்ளே வந்தார். மெலிந்த, அவசரமே இல்லாத அம்மாள். மிஷின்களை எண்ணினார். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். மேசையைக் கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகு மூலையில் வெள்ளைத் துணி உருளையைக் கட்டிக்கொண்டு விறைத்து நின்ற கேப்டனைப் பார்த்தார்.

"இவர் யாரு?"

"ஹெல்பர்," என்றாள் அவள்.

அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவரிடம் போனார். காலரைத் திருப்பிப் பார்த்தார். தோள் பட்டையின் தையலை நகத்தால் நெருடினார். பாக்கெட் மடிப்பை இழுத்துப் பார்த்தார். கேப்டன் மூச்சு விடவில்லை.

"இது நீங்க தைச்சதா?"

"ஆமா மேடம்."

"ஹெல்பருக்கே இவ்வளவு நல்ல யூனிஃபார்ம் தைச்சுப் போட்டிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார்.