கொள்ளுமேடு சுருங்கிய வரலாறு

வேதாசலத்தின் இடது காதைக் காசி கொடுவாளால் சீவி எறிந்த அதே நொடியில், நாற்பத்திரண்டு ஏக்கர் கொள்ளுமேடு நாற்பத்தோரு ஏக்கராகச் சுருங்கியது. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. வேதாசலம் ஒரு கையால் காது இருந்த இடத்தைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கடப்பாரையைத் தேடிக்கொண்டிருந்தார். காசியின் ஆட்கள் புதிதாக நட்ட வேலிக் கம்பங்களைப் பிடுங்கி, அவற்றையே சுழற்றிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மேட்டைச் சுற்றி வரும் ஆம்பூர் டவுன் பஸ் ஒரு நிமிஷம் முன்னதாகவே வந்து நின்றது. கண்டக்டர் தன் வாட்சைத் திட்டினார். சர்வேயர் டேப்பை மாற்றி மாற்றி மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் ஓர் ஏக்கர் குறைந்தது. அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மெடிக்கல் லீவில் போனார்.

மேட்டுக்கு மேற்கே செங்காட்டுக்குப்பம். விவசாயம் செய்கிறவர்கள், வேதாசலத்தின் ஊர். கிழக்கே கிடைப்பாளையம், ஆடு மேய்க்கிறவர்கள், காசியின் ஊர். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுத் தண்ணீரில் சுற்றுவட்டாரமே உப்பேறிவிட, கொள்ளு முளைக்கவும் ஆடு வாய்வைக்கவும் மிஞ்சிய மண் அது ஒன்றுதான். அதுவும் போனால் இரண்டு ஊருக்கும் டேனரிக் கூலியைத் தவிர வேறு கதி கிடையாது. முன்பெல்லாம் மழைக்கு விதைப்பார்கள், அறுப்பு முடிந்ததும் ஆடு இறங்கும். யாரும் யாரையும் கேட்டதில்லை. பாதிப் பாதியாகப் பிரிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்து, வேலி ஓடிய கோடு கிடைப்பாளையத்தின் பதினோரு வீடுகளை மேற்குப் பக்கமும், செங்காட்டுக்குப்பத்தின் ஒரே கிணற்றைக் கிழக்குப் பக்கமும் தள்ளியபோதுதான் வெட்டு ஆரம்பித்தது. விரல் போனால் கால் ஏக்கர், மண்டை உடைந்தால் அரை ஏக்கர். வேதாசலத்தின் தம்பி சூரியபிரகாஷ் வேல்கம்பு பாய்ந்து விழுந்த மதியம் ஒரே மூச்சில் ஏழு ஏக்கர் போனது. வீடுகள் சுருங்கவில்லை, சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டன. இரண்டு ஊரும் ஒன்றையொன்று நெருங்கி நெருங்கி, அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வந்தது. தம்பிக்குப் பழியாக வேதாசலத்தின் ஆட்கள் நாற்பது ஆடுகளின் கழுத்தை அறுத்தார்கள். நிலம் அசையவில்லை. மனுஷ ரத்தத்துக்குத்தான் அது சுருங்கும் என்று தெரிந்தது. தெரிந்தும் யாரும் நிறுத்தவில்லை.

இருபத்தாறு ஏக்கர் மிஞ்சியபோது மத்தியஸ்தம் பேச வக்கீல் ஷஹீன் பானு நியமிக்கப்பட்டார். ஐம்பத்தெட்டு வயது, வாணியம்பாடிக்காரர், சத்தமே போடமாட்டார். இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த பள்ளிக்கூடத்தில் வாராவாரம் இரு தரப்பையும் உட்காரவைத்தார். கிளம்புமுன் இடம் பார்க்கிறேன் என்று மேட்டில் தனியாக ஒரு நடை போய்வருவார்.

"வேலியே வேணாம். பழையபடி நீங்க விதைங்க, அறுப்பு முடிஞ்சா அவங்க ஆடு இறங்கட்டும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க, போதும்."

"காது இல்லாதவன்கிட்ட இன்னாத்த பேசறது வக்கீலம்மா?" என்றான் காசி.

"எனக்குக் காது கம்மி, அவனுக்கு மூளை கம்மி. நடுவுல நீங்க ஏன் மேடம் பேஜார் ஆவறீங்க?" என்றார் வேதாசலம். சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கினார். "கையெழுத்துப் போட்டா செத்த தம்பி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஷஹீன் பானு பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த மாதம்தான் செல்வகுமார் ஒரு யோசனை சொன்னான். அவன் டேனரியில் தோல் காயவைக்கும் பிரிவில் சூப்பர்வைசர். ஈரத்தோலை இழுத்துப் பலகையில் ஆணியடித்தால் சுருங்காது. நிலத்தையும் அப்படியே அடிப்போம் என்றான். இரண்டு ஊரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான், ஏனென்றால் இரண்டு ஊரிலும் வீட்டுக்கு ஒருவர் தோல் வேலை தெரிந்தவர். மூன்று நாள் தண்ணி லாரி விட்டு மண்ணை ஊறவைத்தார்கள். விளிம்பெல்லாம் நானூறு இரும்பு முளைகள் அடித்து, நான்கு பக்கமும் ஜேசிபி பூட்டி இழுத்தார்கள். முதல் நாள் இரண்டு சென்ட் கூடியது, லட்டு கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பட்டப்பகலில் மேடு நடுவே துணி கிழிகிற சத்தத்தோடு கிழிந்தது. முளைகள் தோட்டாக்களாகப் பறந்தன. ஒன்று செல்வகுமாரின் வயிற்றில் புகுந்து முதுகில் வந்தது. கிழிசல் ஒரு ஜேசிபியை விழுங்கிவிட்டுத் தானே மூடிக்கொண்டது. செல்வகுமாரின் ரத்தத்துக்கு ஆறு ஏக்கர் போனது.

இருபது ஏக்கர். அன்றோடு இரண்டு ஊரும் கத்தியைத் தொடப் பயந்தன. காய் நறுக்கும் பெண்கள்கூட மேட்டுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கீறல் விழவில்லை. ஆனாலும் நிலம் வாரம் அரை ஏக்கர் குறைந்துகொண்டே வந்தது. எதிர் ஊர்க்காரன்தான் ரகசியமாக ரத்தம் சிந்துகிறான் என்று இரண்டு ஊரும் அலறின. ஒன்பதாம் வாரம் பள்ளிக்கூடத்தில் முந்நூறு ஆண்கள் சட்டையைக் கழற்றி நின்றார்கள். காசி வேதாசலத்தின் ஆட்களையும், வேதாசலம் காசியின் ஆட்களையும் நகக்கண் வரை சோதித்தார்கள். பெண்களைப் பெண்கள் சோதித்தார்கள். புதுக் காயம் ஒன்றுகூட இல்லை. நிலம் இனி நம்மைக் கேட்காமலே போய்விடும் என்ற பயம் அப்போதுதான் இருவருக்கும் வந்தது.

"குடுங்க மேடம் பேனாவ," என்றார் வேதாசலம். "தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

காசி அவருக்குக் கீழே கைநாட்டு வைத்தான். அதற்குப் பிறகு நிலம் ஓர் அங்குலமும் அசையவில்லை. ரெஜிஸ்டரில் பதினைந்தரை ஏக்கர் என்று திருத்தி எழுதினார்கள். டவுன் பஸ்ஸுக்குப் புது டைம் போட்டார்கள். மழைக்கு விதைத்தார்கள், தை மாதம் அறுத்தார்கள், ஆடு இறங்கியது.

ஆடு இறங்கிய அன்று ஷஹீன் பானுவையும் அழைத்திருந்தார்கள். வரப்பில் நின்றபடி காசி கேட்டான். "ஒருத்தர் வுடாம சோதிச்சோமே வக்கீலம்மா. அந்த ஒம்பது வாரமும் யாரு ரத்தம் அது?"

"ஒருத்தர விட்டுட்டீங்க," என்றார் ஷஹீன் பானு. இடம் பார்க்கிறேன் என்று வாரா வாரம் தனியாக மேட்டில் நடந்த அந்த அம்மாள், வேதாசலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு இடது செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். வரிசையாக ஆழமான வெட்டுத் தழும்புகள். இருவரும் குனிந்து எண்ணினார்கள். ஒன்பது. ஒன்றுக்கு அரை ஏக்கர். சரியாக இருந்தது.