வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர்

பயணத்துக்கு ஊர்களை எழுதுகிறேன் பேர்வழி என்று காலையில் உட்கார்ந்தவளுக்கு, மத்தியானத்துக்குள் பேனாவைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. புருஷன் டூரிஸ்ட் பஸ் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருஷமாக ஊர் உலகத்தையெல்லாம் சுற்றிக் காட்டியவர், கட்டினவளை ஒரு இடத்துக்கும் கூட்டிப்போனதில்லை. இந்தத் தடவையும் விட்டால் அவ்வளவுதான். அவர் இடுப்பு இருக்கிற லட்சணம் அப்படி.

"கோட்டை இருக்கற ஊரப் போடட்டுமா?"

"அங்க வண்டி திருப்ப எடமே இல்ல."

"கலங்கரை விளக்கம் இருக்கே, அந்தக் கடற்கரை?"

"மணல்ல டயர் எறங்கிடும்."

"அரண்மனை?"

"நெழல் கெடையாது. மத்தியானம் படுக்க முடியாது."

அடக் கடவுளே! "உள்ள எப்படிங்க இருக்கும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "யாரு கண்டா? நான் எங்க உள்ள போனேன்?"

அவளுக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பத்தொன்பது வருஷமாக வாசல்வரை போய்த் திரும்பிய மனுஷன்! எழுதிய ஊர்களையெல்லாம் அடித்துவிட்டு, அந்தக் கடற்கரையையும் அரண்மனையையும் மட்டும் வைத்தாள். வேறொரு கம்பெனி பஸ்ஸில் இரண்டு டிக்கெட் போட்டாள்.

"ஓட்டறது யாரு?"

"நீங்க இல்ல."

வழியெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. கடற்கரையில் பஸ் நின்றதும் எல்லாரும் இறங்கினார்கள். அவளும் இறங்கி, மணலில் பத்தடி நடந்து, "பாத்தீங்களா!" என்று திரும்பினாள். பக்கத்தில் ஆளைக் காணோம்.

பஸ்ஸுக்குள் அவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். "நீ போய்ட்டு வா. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அழுகைதான் வந்தது. பக்கத்து சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். "சரி, நானும் பாத்துக்கறேன்."

முன்னாலிருந்து அந்த பஸ் டிரைவர் எட்டிப்பார்த்தார். "அண்ணே, இது என் வண்டி. நான் கொஞ்சம் படுக்கணும். ரெண்டு பேரும் எறங்குங்க."

அவர் அசடு வழிய எழுந்தார். யாராவது எதையாவது மறந்து வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசிப் படியில் நின்றுவிட்டார். எதிரே கடல்.

"இங்க எத்தன தடவ நிறுத்தியிருப்பேன்," என்றார். "இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?"