குடிக்காமல் விட்ட தேத்தண்ணி

நம் சனத்துக்கு வயிற்றில் எது வந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்ட்ரிக்தான். நெஞ்சு எரிந்தாலும் கேஸ்ட்ரிக், பசி எடுக்காவிட்டாலும் கேஸ்ட்ரிக். ஆகவே பம்பலப்பிட்டிக் கணக்காளர் கந்தோர் ஒன்றில் வேலைசெய்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை பிரியந்தன், மத்தியானத்தில் கன்ரீன் பக்கம் போகாமல் வெறும் சோற்றையும் அவித்த உருளைக்கிழங்கையும் பிசைந்து தின்றதைப் பற்றி ஒருவரும் துருவிக் கேட்கவில்லை. "கேஸ்ட்ரிக்" என்றான், விட்டுவிட்டார்கள். பக்கத்து மேசை நிரோஷாவும் அதை நம்பினாள். அவளைத்தான் அவன் கட்ட இருந்தான்.

உண்மை வேறு. அவனுடைய பெருங்குடலில் புண். கொலைற்றிஸ் என்று டொக்டர் பெயர் சொல்லி நாலு வருடமாகிறது. அடியோடு மாறுகிற வருத்தமல்ல. மாத்திரையாலும் பத்தியத்தாலும் அடக்கி வைத்திருக்க வேண்டியது. சில மாதங்கள் சாதுவாகக் கிடக்கும். பிறகு ஒருநாள் கிளம்பும். கிளம்பினால் இரத்தமும் சளியுமாகப் போகும். அவசரம் என்று வயிறு சொன்ன பிறகு அடுத்த பஸ் தரிப்பு வரைக்கும்கூடப் பொறுக்காது. அவன் குடியிருந்த வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை எந்தக் கடைக்காரன் முகம் சுளிக்காமல் ரொயிலற் சாவியைத் தருவான் என்பது அவனுக்கு அத்துப்படி. இதை வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று தாய் அவன் வாயைப் பொத்தி வைத்திருந்தாள். "தெரிஞ்சால் ஆர் பொம்பிளை தருவினம்?" என்பது அவளுடைய கேள்வி. தாய்மாரின் பயம் பிள்ளைகளுக்குச் சட்டமாகிவிடுகிறது.

நிரோஷாவின் வீடு கொட்டாஞ்சேனையில். தகப்பன் அழகருக்கு ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றமொன்றில் வேலை. அவரும் மனைவி குப்பாயியும் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதிலேயே கொழும்புக்கு வந்தவர்கள். குப்பாயி வந்தது வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுக்கு, சமையல் வேலைக்கு. அவள் சமைத்ததை அந்த வீட்டார் ரசித்துத் தின்றார்கள். ஆனால் சாதி பார்த்து அவளுக்கு மட்டும் தனிக்கோப்பை. அது மற்றக் கோப்பைகளோடு சேராமல் பின்வாசல் குழாயடியில் கவிழ்ந்து கிடக்கும். அதை அவள் மறக்கவில்லை. யார்தான் மறப்பார்கள்?

பிரியந்தன் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனது, வயிற்று வருத்தம் கிளம்பியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸில் மானம் போய்விடக் கூடாதென்று முதல்நாள் இரவிலிருந்தே பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் போனான். குப்பாயி நல்ல கோப்பையில் பால் தேத்தண்ணியும், ஒரு தட்டில் ரோல்ஸும் கட்லட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

"வேண்டாம் அன்ரி, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

"ஒரு வாய் தண்ணியாவது குடிங்க தம்பி," என்றார் அழகர்.

"அதுவும் வேண்டாம் அங்கிள்."

தேத்தண்ணி ஆடை கட்டி ஆறிப்போனது. குப்பாயி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அவன் விடைபெறும்போதுதான் வெளியே வந்தாள். எங்கள் ஆட்களிடத்தில் ஒரு வீட்டில் கை நனைக்காமல் எழும்புவதற்கு ஒரே அர்த்தம்தான். அதை ஒருவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் கந்தோர்ப் படிக்கட்டில் நிரோஷா அவனை நிறுத்தினாள். "அம்மா ராத்திரி முழுக்க அழுதாங்க. 'நம்ம வீட்டுத் தண்ணியக்கூட தொடாதவரு, பொண்ண மட்டும் எதுக்குக் கேக்குறாரு'ன்னு சொல்றாங்க. நீங்க அப்படிப்பட்ட ஆளா?"

 "சத்தியமா அப்பிடியில்லை, நிரோஷா." மிச்சத்தையும் சொல்ல வாயெடுத்தான். கட்டப்போகிறவளிடம், ஆட்கள் ஏறி இறங்குகிற படிக்கட்டில் நின்று, இரத்தம் சளி என்று எப்படிச் சொல்வது? "வாற ஞாயிறு உங்கட வீட்டில வந்து சாப்பிடுறன்," என்றான். புத்தி கெட்ட பிள்ளை. ஒரு பேச்சில் முடிகிற காரியத்துக்கு வயிற்றைப் பணயம் வைத்தான்.

அந்த ஞாயிறு குப்பாயி ஆட்டிறைச்சிக் குழம்பு வைத்திருந்தாள். கத்தரிக்காய்ப் பொரியல், சிவக்கச் சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பல் வேறு. அவன் ஒன்றையும் மறுக்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினான். அழகர் தன் தட்டை மறந்து அவன் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா சாப்பிடுங்க தம்பி," என்று குப்பாயி முகம் மலர இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். பாவம், அந்தச் சந்தோசத்துக்காக எதையும் தின்னலாம் போலத்தான் அவனுக்கும் இருந்தது.

கை கழுவும் முன்பே வயிறு முறுக்கியது. எழுந்து ஓடினான். உள்ளங்கையளவு வீடு, குசினியோடு ஒட்டினாற்போல ரொயிலற், அதற்கொரு பலகைக் கதவு. உள்ளே நடப்பதெல்லாம் சாப்பாட்டு மேசைக்குக் கேட்கும். தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, செத்துப்போனால் நல்லது என்று இருந்தான். அப்போது முன்னறையில் டீவி திடீரென்று அலறத் தொடங்கியது. யாரோ சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கொண்டுபோனார்கள். அவன் கதவைத் திறந்து வெளியே வந்த பிறகுதான் குப்பாயி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

அவள்தான் என்று கண்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். புண்ணை, இரத்தத்தை, மாத்திரையை, போன ஞாயிறு பட்டினியாக வந்ததை.

குப்பாயி நெஞ்சில் கை வைத்தாள். "தெரிஞ்சிருந்தா இவ்வளவு மொளகாய அள்ளிப் போட்டிருப்பேனா? ஏன் தம்பி சொல்லல?"

"வெக்கமா இருந்தது அன்ரி."

குசினி வாசலில் நின்ற நிரோஷா கேட்டாள். "நாங்க உங்களப் பத்தி என்னா நெனைக்கிறோம்னு ஒரு வாரமா உங்களுக்குத் தெரியும். சீக்குக்காரன்னு தெரியுறதவிட, சாதி பாக்குறவன்னு நெனைச்சா பரவால்லன்னு இருந்தீங்களா?"

அவனிடம் பதில் இருந்தது. நல்ல பதில் அல்ல. தன்னுடைய வெட்கத்தைக் காப்பாற்ற, டீவியை அலறவிட்டுத் தன் மானத்தைக் காத்த இந்த மனிசியை ஒரு வாரம் அழவிட்டிருக்கிறான்.

"ஓம்," என்றான்.

நிரோஷா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவன் செருப்பை மாட்டினான். அழகர் சந்தி வரைக்கும் கூடவந்து, ஒரு ஓட்டோவை மறித்தார். சாரதியிடம் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: தம்பி, மெதுவாகப் போ. இவர் எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாலும் உடனே நிறுத்து, ஏன் என்று கேட்காதே.

ஓட்டோ கிளம்பும் நேரத்தில் நிரோஷா கைப்பையோடு ஒழுங்கையிலிருந்து விறுவிறென்று வந்தாள்.

"தள்ளி உக்காருங்க. கோவம் இன்னும் போகல." ஏறி உட்கார்ந்து அவனைப் பார்க்காமலே சொன்னாள். "எது ஒத்துக்கும், எது ஒத்துக்காது, எப்ப கிளினிக்கு, எல்லாத்தையும் வெள்ளவத்த போறதுக்குள்ள சொல்லுங்க. இனி ஒண்ணையும் மறைக்காதீங்க."

அவன், முதன்முதலாக இரத்தத்தைக் கண்டு பயந்த காலையிலிருந்து சொல்லத் தொடங்கினான்.